துன்பம் பக்குவப்படுத்துமா? தோட்டத்திடம் கேட்டால் கிடைக்கும் பதில்

எனக்குக் கடிதத்தில் வந்த கேள்வியின் சுருக்கம் இது: "ஒரே ஆண்டில் தந்தையை இழந்தேன், வேலையும் போயிற்று. அவர் நட்ட மரம் புயலில் பல கிளைகளை இழந்து நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் துன்பம்தான் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்கிறார்கள். எனக்குள் எந்தப் பக்குவமும் வரவில்லை. பிரார்த்தனைகூட வறண்டுவிட்டது. துன்பத்தால் ஆன்மிக வளர்ச்சி உண்மையிலேயே வருமா? வந்தால் எப்படித் தெரியும்? அந்த மரத்தை என்ன செய்வது?"

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். துன்பம் தானாக யாரையும் பக்குவப்படுத்துவதில்லை. அது பலரைக் கசப்படைய வைத்திருக்கிறது, சிலரை உடைத்திருக்கிறது, சிலரைக் கல்நெஞ்சர்களாகவும் ஆக்கியிருக்கிறது. அதே துன்பத்தின் ஊடாக நடந்து, முன்பு இல்லாத ஆழத்தோடும் கனிவோடும் வெளியே வந்தவர்களும் இருக்கிறார்கள். அந்த நாட்களில் அவர்கள் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பவற்றையெல்லாம் பொறுத்தே அது அமைகிறது. தோட்டம் வைத்திருப்பவருக்கு இது புதிய செய்தியாக இருக்காது. புயல் எந்தச் செடியையும் வளர்ப்பதில்லை. புயலுக்குப் பிறகு மண்ணிலும் வேரிலும் தோட்டக்காரர் கையிலும் நடக்கிற வேலைதான் வளர்க்கிறது.

உங்களுக்கு ஆறுதல் சொன்னவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும், கிளை முறிந்த மறுநாளே மரத்தடியில் போய் நின்று "பூ எங்கே?" என்று கேட்பது நியாயமில்லை. உங்களுக்குள் பக்குவம் எதுவும் தெரியவில்லை என்றால், அது உங்கள் குறை இல்லை. கேள்வி கேட்கப்பட்ட நேரம் தவறு.

உளவியலிலும் இதைப் பற்றி ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரண்டு உளவியலாளர்கள், பெரும் இழப்புகளுக்குப் பிறகு மனிதர்களிடம் ஏற்படும் மாற்றங்களை ஆராய்ந்து, 1996இல் 21 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பிறரோடு உள்ள உறவு, புதிய வழிகள் திறப்பது, தன் வலிமையை உணர்வது, ஆன்மிக மாற்றம், வாழ்வின் அருமையை அறிவது என்று ஐந்து பக்கங்களில் அந்த மாற்றத்தைப் பார்த்தார்கள். அவர்கள் வலியுறுத்திய இரண்டு விஷயங்கள் உங்களுக்கு முக்கியம். வளர்ச்சி துன்ப நிகழ்ச்சியிலிருந்து வருவதில்லை. அதோடு மனிதர் நடத்தும் போராட்டத்திலிருந்து வருகிறது. அடுத்தது, வளர்ச்சி வந்தால் வலி போய்விடும் என்பதில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் பல ஆண்டுகள் சேர்ந்தே இருக்கலாம். இந்த ஆராய்ச்சி மீது ஒரு விமர்சனமும் உண்டு: தான் வளர்ந்துவிட்டதாக ஒருவர் சொல்வதும், உண்மையில் வளர்ந்திருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நியாயமான விமர்சனம். ஆன்மிகத்தில் இது பழைய சிக்கலும்கூட.

இனி உங்கள் மரத்துக்கு வருகிறேன். மற்றக் கேள்விகளுக்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

மரத்தின் காயம் ஆறும் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் மரத்தின் காயம் ஆறுவதில்லை. இதை விளக்கியவர் அமெரிக்க வனத்துறையில் மரநோய் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ. அவர் ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தார். நம் தோலில் காயம் பட்டால் சிதைந்த திசு நீங்கி, அதே இடத்தில் புதியது வளர்கிறது. மரத்தால் அப்படிச் செய்ய முடியாது. முறிந்த இடத்தில் சிதைந்த கட்டை சிதைந்ததாகவே இருக்கும். மரம் அதைச் சுற்றி வேதிப்பொருள்களாலும் புதிய திசுக்களாலும் மதில் எழுப்புகிறது. ஷைகோ 1977இல் வெளியிட்ட விளக்கத்தில் அப்படி நான்கு மதில்கள் உண்டு. அவற்றில் மிக உறுதியானது நான்காவது. காயம் பட்ட நாளில் இருந்த கட்டைக்கும், அதற்குப் பிறகு உருவாகும் கட்டைக்கும் நடுவே அது அமைகிறது. அழுகல் பழைய கட்டைக்குள் பரவலாம். பிற்பாடு உண்டான புதிய வளையங்களுக்குள் வருவது மிகக் கடினம். நடுமரம் முழுக்கப் பொந்தாகிப்போன பெரிய மரங்கள் ஆண்டுதோறும் தளிர்விட்டுக் காய்ப்பது இதனால்தான்.

இதை அறிந்ததிலிருந்து "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" என்ற ஆறுதலை யாரிடமும் சொல்வதை நான் விட்டுவிட்டேன். தந்தை இல்லாத இடம் நிரம்பப் போவதில்லை. அது உங்களுக்குள் அப்படியே இருக்கும். அதைச் சுற்றி, அதற்குப் பிறகான நீங்கள் வளர்வீர்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு பிற்பகலில் திடீரென்று அழுகை வந்தால், "இத்தனை நாள் பிரார்த்தனை செய்தும் இன்னும் தேறவில்லையே" என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். பழைய கட்டை உள்ளே இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். வெளி வளையங்கள் நலமாகவே இருக்கலாம்.

ஷைகோ இன்னொன்றையும் எதிர்த்தார். வெட்டிய இடத்தில் தார் போன்ற பூச்சு பூசுவது அக்காலத்தில் பரவலான வழக்கம். அது மரத்துக்கு உதவுவதில்லை என்று அவர் காட்டினார். பூச்சுக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் காயம் மறைந்திருக்கும். துக்கத்தின் மேல் தத்துவத்தைப் பூசுவதும் இதே வேலைதான். "எல்லாம் மாயை", "எல்லாம் அவன் செயல்", "எல்லாம் நன்மைக்கே" என்பவை தம் இடத்தில் பெரிய சொற்களாக இருக்கலாம். முறிந்த அன்றே அவற்றை மேலே பூசினால், அடியில் இருப்பது காற்று படாமல் புழுங்கும். அழவேண்டியதை அழுதுவிட்டு, கோபப்பட வேண்டியதைக் கோபப்பட்டுவிட்டு, அதன் பிறகு அந்தச் சொற்களிடம் போங்கள். கடவுளிடம் கோபப்படுவது பக்திக்குப் புறம்பானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உலகின் பக்தி இலக்கியங்களில் புலம்பலுக்கும் ஊடலுக்கும் ஒதுக்கிய இடம் சிறியதில்லை.

மரத்துக்குச் செய்ய வேண்டியது இது. அடிமரம் நெடுக்காகப் பிளந்திருந்தாலோ, வேர்த்தட்டு மண்ணிலிருந்து தூக்கிக்கொண்டு மரம் சாய்ந்திருந்தாலோ அது ஆபத்து. தொழில் தெரிந்தவரை அழைத்து முடிவெடுங்கள். அப்படி இல்லாமல், கிளைகளில் பாதிக்குமேல் எஞ்சியிருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கிழிந்து தொங்கும் கிளைகளை மட்டும் இப்போது எடுங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு தடித்த வளையம் தெரியும். அதைச் சேதப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். தண்டை ஒட்டி மழிக்கவும் வேண்டாம், நீளமான குச்சியை விட்டுவைக்கவும் வேண்டாம். பூச்சு தேவையில்லை. அழகுக்காகச் சமன் செய்கிறேன் என்று நல்ல கிளைகளைக் கழிக்காதீர்கள். அந்த மதில்களை எழுப்பும் ஆற்றல் எஞ்சிய இலைகளிலிருந்துதான் வரவேண்டும். மிச்ச முடிவுகளை அடுத்த தளிர்ப்பருவம் முழுவதையும் பார்த்த பிறகு எடுக்கலாம். செத்துவிட்டது என்று நினைத்த கட்டையின் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் இருக்கும். மேலே இருந்த நுனிகள் போனதும் அவை விழித்துக்கொள்ளும்.

உங்கள் வாழ்க்கையிலும் அப்படியே என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் மனிதருக்கு மரத்தைப் போல ஒரே விதி இல்லை என்பதால் கொஞ்சம் அடக்கிச் சொல்கிறேன்: முறிந்த ஆண்டிலேயே உங்களை நீங்களே அதிகமாகக் கழித்துவிடாதீர்கள். வேலை போனது, அதோடு சேர்த்து நட்பையும், பாட்டையும், வழக்கமான நடையையும் "இதெல்லாம் இப்போது எதற்கு?" என்று வெட்டிவிடுகிறவர்கள் நிறைய. எஞ்சிய இலைகள் அவை.

அடுத்து காற்று. காற்றில் ஆடும் செடியே உறுதிப்படும் என்பது உண்மைதான். தண்டைத் தினமும் வருடியோ ஆட்டியோ வந்தால் செடி குட்டையாகவும் தடிமனாகவும் வளர்வதை ஜாஃபி என்ற தாவரவியலாளர் 1973இல் விவரித்து, அந்த மாற்றத்துக்குப் பெயரும் வைத்தார். நாற்றுகளை வெளியே நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள், நிழலிலிருந்து வெயிலுக்கும் காற்றுக்கும் சிறிது சிறிதாகப் பழக்குவதும் இதற்காகவே. இந்த உண்மையை எடுத்துக்கொண்டுதான் பலர் துன்பத்தைப் புகழ ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் விட்டுவிடுவது அளவை. தினமும் வருடும் காற்று தண்டைத் தடிக்க வைக்கிறது. புயல் அதே தண்டை முறிக்கிறது. இரண்டும் காற்றுதான். உங்களுக்கு வந்தது புயல். அதைப் பயிற்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

காற்றிலிருந்து உங்களுக்குப் பயன்படும் பாடம் வேறொன்று: முட்டுக்கொடுக்கும் விதம். இளமரத்துக்குக் கம்பு நட்டு, அசையவே முடியாமல் இறுக்கிக் கட்டினால் தண்டு நோஞ்சானாகிவிடும். கயிற்றைத் தாழ்வாக, தளர்வாகக் கட்டி, மரம் ஆட இடம்விட்டு, ஓராண்டு வாக்கில் அவிழ்த்துவிடுவதே முறை. இப்போது உங்களுக்குத் துணை நிற்பவர் யாராக இருந்தாலும் சரி, நண்பரோ குருவோ சத்சங்கமோ, அவர் உங்களை ஆடவிடுகிறாரா என்று பாருங்கள். நீங்கள் சந்தேகப்படவும், மறுக்கவும், ஒரு நாள் வராமல் இருக்கவும் இடம் தருகிறாரா? துன்ப காலத்தில் மனிதர்களை இறுக்கிக் கட்டிவைத்துக்கொள்ளும் அமைப்புகள் உண்டு. கயிறு அவிழ்கிற நாளைப் பற்றி அவர்கள் பேசவே மாட்டார்கள்.

பிரார்த்தனை வறண்டுவிட்டது என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்திய வரி அதுதான்.

திருக்குறளில் உழவு அதிகாரத்தில் வியப்பான ஒரு கருத்து இருக்கிறது. ஒரு பலம் (பழைய எடை அளவு) புழுதி கால் பலமாகக் குறையும் அளவுக்கு நிலத்தைக் காயவிட்டால், ஒரு பிடி எருவும் இடாமல் பயிர் செழிக்கும் என்கிறார் வள்ளுவர். நிலம் காய்வதே எருவாகும் என்பது முதலில் கேட்கும்போது பொருந்தாததுபோல் தோன்றும். 1958இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய மண்ணியல் ஆய்வாளர் பர்ச் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. நன்றாகக் காய்ந்த மண் மீண்டும் நனையும்போது, அதிலுள்ள மட்கு திடீரென்று வேகமாகச் சிதைந்து, தழைச்சத்து (நைட்ரஜன்) பயிருக்குக் கிடைக்கும் வடிவில் பெருகுகிறது. மண் காய்ந்தபோது மடிந்த நுண்ணுயிர்களும், மண்கட்டிகளுக்குள் சிக்கியிருந்த கரிமப்பொருளும் ஈரம் பட்டதும் விடுபடுகின்றன. பிழைத்த நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று பெருகுகின்றன. தொடர்ந்து ஈரமாகவே இருந்த மண்ணில் இப்படிப் பொங்கிப் பெருகுவது நடப்பதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். காய்ந்துகொண்டிருக்கும் நாட்களில் மண்ணின் மேல் எதுவும் விளைவதில்லை. விளைச்சல் ஈரம் வந்த பிறகுதான். ஆகவே வறண்ட நாட்களில் உங்களுக்குள் விளைச்சலைத் தேடி ஏமாறாதீர்கள். அந்த நாட்களின் வேலை, காய்ந்த நிலத்தைக் கைவிடாமல் வைத்திருப்பது. பிரார்த்தனை செய்யும் நேரத்தில் வழக்கமான இடத்தில் உட்காருங்கள். ஒன்றும் வராவிட்டால் ஒன்றும் வராமலே ஐந்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்திருங்கள். உணர்ச்சியைப் பிதுக்கி வரவழைக்க வேண்டாம்.

இந்த வறட்சியைப் பற்றி மிகக் கூர்மையாக எழுதியவர்களில் ஒருவர் 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் துறவி சிலுவை யோவான். தம் துறவு சபையைச் சீர்திருத்த முயன்றதற்காக அவருடைய சபையினரே அவரை 1577 டிசம்பரில் பிடித்து, டொலேடோ நகரில் வெளிச்சம் அரிதான ஒரு சிற்றறையில் ஒன்பது மாத காலம் அடைத்து வைத்தார்கள். 1578 ஆகஸ்டில் தப்பினார். அந்த அறையில் இருந்துகொண்டே அவர் பாடல்கள் இயற்றினார். பிற்காலத்தில், ஆன்மிக வறட்சியை வெறும் அலட்சியத்திலிருந்தும் மனச்சோர்வு நோயிலிருந்தும் எப்படிப் பிரித்தறிவது என்று அடையாளங்கள் வகுத்தார். அவற்றில் ஒன்று: அலட்சியத்தால் விலகியவருக்கு விலகியதைப் பற்றிக் கவலையே இருக்காது, வறட்சியில் இருப்பவரோ தான் பின்வாங்குகிறோமோ என்று நொந்துகொண்டே இருப்பார். பிரார்த்தனை வறண்டுவிட்டதே என்று நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். வேர் உயிரோடு இருப்பதற்கு அதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

ஆனால் நோயையும் அவர் மறக்காமல் குறிப்பிட்டாரே, அதை நாமும் மறக்கக் கூடாது. தோட்டத்தில் இதற்கு எளிய சோதனை இருக்கிறது. உச்சிவெயிலில் இலை துவண்டால் பதற வேண்டியதில்லை. வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை இழப்பதால் அப்படி ஆகும், மாலையில் நிமிர்ந்துவிடும். மறுநாள் விடியற்காலையிலும் துவண்டே இருந்தால் அது அவசரம், உடனே நீர் வேண்டும். ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் எவ்வளவு நீர் ஊற்றினாலும் செடி மீளாது. மனிதருக்கும் ஏறத்தாழ இப்படி ஒரு கோடு இருக்கிறது. மாலையில் சோர்ந்து, இரவு அழுது, காலையில் எப்படியோ எழுந்து வேலையைப் பார்க்க முடிகிறதென்றால் அது துக்கம். விடிந்ததும் மனம் அதே பாரத்தோடு இருந்து, எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் குலைந்து, இந்த நிலை அநேகமாகத் தினமும் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால், அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எடுத்துக்கொள்வதால் ஆன்மிகம் குறைந்துவிடாது. துவண்ட செடிக்கு நீர் ஊற்றாமல், வறட்சியின் பெருமையைப் பேசிக்கொண்டு நிற்பவர் தோட்டக்காரர் ஆகமாட்டார்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. தண்ணீர் தேங்கிய மண்ணில் நிற்கும் செடியும் துவளும். பார்ப்பதற்கு வறட்சியில் துவண்டதுபோலவே இருக்கும். வேருக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகளில் நீர் நிறைந்துவிட்டால் வேர் திணறி, நீரை உறிஞ்சும் சக்தியையே இழக்கிறது. தண்ணீருக்கு நடுவே தாகம். இதை அறியாதவர் "பாவம், வாடிவிட்டது" என்று இன்னும் ஒரு குடம் ஊற்றுவார்.

இழப்புக்குப் பிறகு பலருக்கு நடப்பது இதுதான். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு யோசனை, ஒரு நூல், ஒரு விரதம், ஒரு தியான முறை, ஓர் உரையின் ஒலிப்பதிவு என்று ஊற்றிவிட்டுப் போகிறார்கள். நாமும் பயத்தில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறோம். பிறகு எதுவும் உள்ளே இறங்குவதில்லை, நமக்குத்தான் நம்பிக்கை போதவில்லை என்று தோன்றுகிறது. தேவை வடிகால். ஒரே ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்குங்கள். ஆறுதல் சொல்ல வருபவர்களில் பேசாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர்களுக்கு நேரம் கொடுங்கள். மற்றவர்களுக்கு நன்றி சொன்னால் போதும்.

சேறாக இருக்கும் நிலத்தில் நடக்கக் கூடாது, கிளறவும் கூடாது என்பது தோட்டத்தின் இன்னொரு கண்டிப்பான விதி. ஈரமண்ணில் ஒருமுறை அழுத்திய தடம் இறுகிப்போய், வேரையும் நீரையும் பல பருவங்களுக்குத் தடுக்கும். வீட்டை விற்பது, உறவை முறிப்பது, துறவு பூணுவது, பெரிய நேர்த்திக்கடனுக்கு வாக்குக் கொடுப்பது போன்ற முடிவுகளை நிலம் காயும் வரை தள்ளிவையுங்கள். வேலை தேடுவது வேறு, வயிற்றுப்பாடு காத்திருக்காது. வாடிய செடிக்கு உரம் போடக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நலிந்த வேரைச் சுற்றி உப்புச்சத்து மிகுந்தால் அது வேரிலிருந்தே நீரை வெளியே இழுத்துவிடும். கடும் உபவாசங்களும் நாள் முழுக்க மௌனமும் நலமான காலத்துக்கு உரியவை. துக்கம் பச்சையாக இருக்கும்போது அவை வேரைக் கருக்கும்.

சரி, இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். செய்ய வேண்டியது என்ன?

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் 7ஆம் நூற்றாண்டின் திருநாவுக்கரசர். கொடிய சூலை நோயால் துடித்துத் தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்தவர். அதற்குப் பிறகு அரசனின் தண்டனைகள் பலவற்றைக் கடந்ததாக அவருடைய வரலாறு கூறுகிறது. இவ்வளவு பட்ட ஒருவர் கையில் கடைசிவரை வைத்திருந்த கருவி என்ன? உழவாரப்படை. கோயில் முற்றங்களில் புல்லையும் பூண்டையும் செதுக்கும் கருவி. பெரும்பாடல்களைப் பாடிய மனிதர் தினமும் குனிந்து களை செதுக்கினார்.

மனத்தைப் பயிர்நிலமாக்கி அவர் பாடியதும் உண்டு. உண்மையே உழவு, விருப்பமே விதை, பொய்மையே களை, பொறுமையே பாய்ச்சும் நீர், தகுதியான ஒழுக்கமே வேலி. நடுவில் தன்னையும் நோக்கிக் காண வேண்டும் என்று ஒரு வேலை வருகிறது. அந்தப் பட்டியலில் என்னை ஈர்ப்பது அதில் இல்லாத ஒன்று. மழை இல்லை, வெயில் இல்லை, காற்று இல்லை. சூலை நோயையும் சுண்ணாம்புக் காளவாயையும் கடந்தவராகச் சொல்லப்படுபவர், விளைச்சலுக்கு வேண்டியவை எவை என்று அடுக்கும்போது வானிலையை ஒரு பொருட்டாகச் சேர்க்கவில்லை. சேர்த்தவை எல்லாம் கையால் செய்யக்கூடியவை. துன்பத்தை அவர் விதையாகவும் சொல்லவில்லை, எருவாகவும் சொல்லவில்லை. அதை அதன் இடத்தில், வானத்தில், விட்டுவிட்டார்.

எனவே குனிந்து செய்யும் ஒரு சிறு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். தினமும் செய்ய முடிவதாக, யாருக்காவது அல்லது எதற்காவது பயன்படுவதாக, உங்கள் மனநிலையைப் பொறுத்து நிற்காததாக இருக்கட்டும். அந்த மரத்தடியைச் சுத்தமாக வைத்திருப்பதே போதும். உதிர்ந்த சருகைக் கூட்டி எரிக்காமல் தண்டில் ஒட்டாதபடி சற்றுத் தள்ளி மூடாக்காகப் போடுங்கள். ஈரம் நிற்கும், மண் குளிரும். வேரடியில் தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனையுங்கள். மேலோட்டமாகத் தெளித்துக்கொண்டே இருந்தால் வேர்களும் மேலேயே தங்கிவிடும். இந்த வேலைகளில் கையிருக்கும்போது மனம் தந்தையிடம் போகும். போகட்டும். பக்தி வராவிட்டாலும் கவனம் வரும். கவனத்துக்கும் பிரார்த்தனைக்கும் நடுவே தூரம் அதிகமில்லை என்று நான் நினைக்கிறேன். இதில் என்னோடு முரண்படுகிறவர்களும் உண்டு.

ஒரு குறிப்பேட்டில் வானிலையும் எழுதலாம். "காலையில் மூடுபனி, இலைகள் நனைந்திருந்தன, எனக்கு எரிச்சல்" என்ற அளவில் ஒரு வரி. வானத்தையும் மனத்தையும் ஒரே வரியில் எழுதிப் பழகினால், சில மாதங்களில் ஒன்று புரியும்: இரண்டும் மாறுகின்றன, இரண்டையும் நாம் ஏவவில்லை. எரிச்சல் வந்ததற்காகக் குற்ற உணர்ச்சி அடைவது தானாகக் குறையும்.

இந்த ஆண்டு எந்த வளர்ச்சியும் இல்லாமலே போய்விட்டால்? போகலாம். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிக் காலம் கணிப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. கடும் வறட்சி ஆண்டுகளில் சில மரங்கள் தண்டின் ஒரு பகுதியில் வளையமே போடாமல் விட்டுவிடும். அதனால் ஒரே மரத்தை மட்டும் எண்ணினால் கணக்குத் தவறும். பக்கத்து மரங்களோடு ஒப்பிட்டுத்தான் விடுபட்ட ஆண்டைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த ஆண்டில் மரம் இருந்தது, மூச்சுவிட்டது, இருந்ததைக் காத்துக்கொண்டது, கட்டையாகச் சேர்த்தது மட்டும் ஒன்றுமில்லை. உங்கள் ஆண்டும் அப்படி ஒன்றாக இருக்கலாம். உயிரோடு இந்தக் கேள்வியைக் கேட்கும் இடம்வரை வந்திருக்கிறீர்கள். இந்த ஆண்டுக்கு அது போதும்.

வளர்ச்சி வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். ஒளி, தரிசனம், பேரமைதி போன்றவை வந்தால் நல்லது. ஆனால் அவற்றை வைத்து அளக்க வேண்டாம். அவை வந்தும் அண்டை வீட்டாரிடம் எரிந்து விழுகிறவர்கள் உண்டு. பார்க்க வேண்டிய இடங்கள் சாதாரணமானவை. இன்னொருவர் தன் இழப்பைச் சொல்லும்போது அறிவுரை சொல்லாமல் கேட்க முடிகிறதா? பதில் தெரியாத கேள்வியோடு ஒரு நாளைக் கழிக்க முடிகிறதா? சின்ன மகிழ்ச்சி ஒன்று வரும்போது "அப்பா இல்லாதபோது இது எதற்கு?" என்று விரட்டாமல் உள்ளே விடுகிறீர்களா? உதவி கேட்கக் கூச்சம் குறைந்திருக்கிறதா? பெரும்பாலும் இவற்றை நீங்கள் கவனிப்பதற்கு முன்பே உங்களோடு வாழ்பவர்கள் கவனித்துவிடுவார்கள். ஆகவே ஓராண்டு கழித்து, உங்களை நன்றாக அறிந்த, முகத்துக்காகப் பேசாத ஒருவரிடம் கேளுங்கள். அதுவரை இந்தக் கேள்வியைத் தினமும் தோண்டி எடுத்து, முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாம்.